கறுப்பிலிருந்து தொடங்குங்கள்: எக்ஸ்ட்ரீம் மெட்டல் கவர், லோகோ, ரீசேட் வரையக் கொழும்புக் கலைஞருக்கு ஒரு முழு வழிகாட்டி

“மச்சான், ஒரு கவர் கீறித் தாயேன்” என்று டெத் மெட்டல் (எக்ஸ்ட்ரீம் மெட்டல் எனப்படும் கடும் ரொக் இசையின் ஒரு வகை) இசைக்குழுவொன்று கேட்டால், அது ஒரு வேலை அல்ல, மூன்று. கசட்டுக்கோ சீடிக்கோ அட்டைப்படம், குழுவின் பெயருக்கு லோகோ, கறுப்பு ரீசேட்டில் வெள்ளை மையில் விழுகிற படம். மூன்றுக்கும் ஒரே மூலப்படம் போதும் என்று கேட்பவரும் நினைப்பார், வரைபவரும் நினைப்பார். போதும்தான், ஆனால் பென்சில் எடுக்கும் முன்பே மூன்றையும் கணக்கில் எடுத்திருக்க வேண்டும். எடுக்காவிட்டால் கடதாசியில் கண்ணைப் பறித்த படம் கசட் கவரில் சாம்பல் சேறாகும், ரீசேட்டில் எக்ஸ்ரே பிலிம் ஆகும்.

இங்கே சொல்வது மையும் பேனையும் கொண்டு கறுப்பு வெள்ளையில் வரைகிற முறை. நிலத்தடி மெட்டலின், அதாவது பெரிய கம்பனிகளுக்கு வெளியே இயங்கும் மெட்டலின், தாய்மொழி அதுதான். காரணம் அழகியல் மட்டும் அல்ல, காசும்தான். 80களில் டெமோ (மாதிரிப் பதிவு) கசட் கவர்களும் கச்சேரி நோட்டீஸ்களும் போட்டோகொப்பி இயந்திரத்தில்தான் பிறந்தன. அந்த இயந்திரத்துக்குச் சாம்பல் நிறம் தெரியாது.

முதலில் கண்ணைப் பழக்குங்கள்

நாலைந்து பேரின் வேலையை எடுத்து, படத்தை அல்ல, வரைந்த முறையைப் பாருங்கள். கிறிஸ் மொயன் ஆர்ச்கோட், பெஹெரிட் குழுக்களுக்கு வரைந்தவற்றில் நடுச்சாயல் எவ்வளவு குறைவு என்று கவனியுங்கள். கறுப்புத் திட்டு, வெள்ளைத் திட்டு, நடுவே கொஞ்சம் கோடு. அமெரிக்கரான மார்க் ரிடிக்கிடம் அழுகும் சதையின் ஒவ்வொரு இழையும் தனிக் கோடாக நிற்கும். கார்காஸின் 1988 அல்பம் ‘ரீக் ஒஃப் பியூட்ரிஃபாக்ஷன்’ மருத்துவப் படங்களை வெட்டி ஒட்டிய கவர். வரையவே தெரியாதவருக்கும் இந்த உலகில் இடம் உண்டு என்பதற்கு அதுவே சான்று. டார்க்த்ரோனின் ‘டிரான்சில்வேனியன் ஹங்கர்’ (1994) ஒரு முகம், ஒரு மெழுகுதிரித் தண்டு, மற்றதெல்லாம் கறுப்பு. பத்தாவது கொப்பியிலும் அடையாளம் தெரியும் என்பதே அந்தப் படத்தின் பலம்.

வண்ணத்தில் டான் சீக்ரேவ் (மோர்பிட் ஏஞ்சலின் ‘ஆல்டர்ஸ் ஒஃப் மேட்னஸ்’, 1989, என்டூம்ட்டின் ‘லெஃப்ட் ஹேண்ட் பாத்’, 1990), நெக்ரோலார்ட் என்று கையெழுத்திடும் கிறிஸ்டியன் வாலின் (எம்பரரின் ‘இன் த நைட்சைட் எக்லிப்ஸ்’, 1994, டிசெக்ஷனின் ‘ஸ்டோர்ம் ஒஃப் த லைட்ஸ் பேன்’, 1995) இருவரையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சீக்ரேவின் படத்தில் கண் எங்கே போனாலும் வேலை இருக்கும். வாலின் நீலம் ஒன்றையே பிடித்துக்கொண்டு இரவு முழுவதையும் அதற்குள் அடைத்துவிடுவார். வொய்வொட் குழுவுக்கு அதன் டிரம்ஸ் வாசிப்பவரான மிஷேல் லாங்ஜெவினே தொடக்கத்திலிருந்து படம் வரைகிறார் என்பதையும் நினைவில் வையுங்கள். குழுவுக்குள்ளேயே ஒரு கை இருந்தால் வெளியே தேட வேண்டியதில்லை.

நம்மூரில் ஜெனோசைட் ஷ்ரைன்ஸ், சர்ப்பண்ட்ஸ் அதெர்ஸ்ட், ஃபியூனரல் இன் ஹெவன் போன்ற குழுக்களின் வெளியீடுகள் கிடைத்தால் கையில் எடுத்துப் பாருங்கள். திரையில் பார்த்தது கணக்கில் வராது. கையில் எடுத்தால்தான் எந்தக் கோடு அச்சில் தப்பியது, எது அடைபட்டது என்று தெரியும்.

அளவைத் தீர்மானித்தல்

கசட் கவரின் முன்பக்கம் ஏறக்குறைய 65 × 101 மி.மீ. முதுகு 12 முதல் 13 மி.மீ., பின்மடிப்பு 16 மி.மீ. அளவில் வரும். பெட்டிக்குப் பெட்டி அரை மி.மீ. மாறும், ஆகவே குழு வாங்கியிருக்கும் பெட்டியையே கேட்டு வாங்கி அளந்துவிடுங்கள். சீடி கவர் 120 × 120, எல்பி இசைத்தட்டு உறை சுமார் 315 × 315. அதாவது கசட் நெடுக்குச் செவ்வகம், மற்ற இரண்டும் சதுரம். டெமோவாகக் கசட்டில் வந்தது இரண்டு வருடம் கழித்து சீடியாக மறுவெளியீடு காண்பது இந்த உலகில் சாதாரணம். அப்போது பக்கங்களில் ஒட்டுப்போட்டு நிரப்பினால் ஒட்டு தெரியும்.

ஆகவே ஏ3 தாளில் 270 × 270 மி.மீ. சதுரம் போடுங்கள். அதன் நடுவே 174 மி.மீ. அகலத்தில் மேலிருந்து கீழாக ஒரு பட்டையைப் பென்சிலால் குறியுங்கள். கசட்டில் வரப்போவது அந்தப் பட்டை மட்டுமே. முக்கிய உருவம், லோகோவுக்கான இடம், வெளிச்சம் எல்லாம் அதற்குள். இரு ஓரங்களுக்கு வேர், புகை, மலை, எலும்புக் குவியல். சதுரத்துக்கு வெளியே நாலு பக்கமும் 8 மி.மீ. கூடுதலாக வரைந்து வைக்க வேண்டும். கசட் அளவுக்குச் சுருங்கும்போது அந்த 8 மி.மீ.தான் அச்சகம் கேட்கும் 3 மி.மீ. வெட்டு ஓரமாகிறது.

இனி பேனைக் கணக்கு. 270 மி.மீ. உயரம் 101 ஆகும்போது படம் 0.374 மடங்காகச் சுருங்கும். 005 எண் பிக்மா மைக்ரோன் பேனை போடும் கோடு 0.20 மி.மீ. கசட்டில் அது 0.075 மி.மீ. ஆகிவிடும். சாதாரண டிஜிட்டல் அச்சில் அந்தக் கோடு விட்டுவிட்டு விழும், அல்லது விழவே விழாது. 01 எண் (0.25 மி.மீ.) 0.094 ஆகும், அதுவும் விளிம்பில்தான் நிற்கும். 03 எண் (0.35 மி.மீ.) 0.13 ஆகிப் பத்திரமாக விழும். ரீசேட்டுக்கும் இதே விடைதான் வருகிறது: படம் ஏறக்குறைய மூல அளவில் போகும், துணியில் திரை அச்சு நம்பகமாகப் பிடிக்கும் மிக மெல்லிய கோடு சுமார் 0.35 மி.மீ. ஆகவே உங்கள் மிகச் சிறிய பேனை 03. அதற்குக் கீழே வாங்க வேண்டாம். 005 பேனையை மேசையில் வைத்திருந்தால் கை தானாக அதைத் தேடிப் போகும். நுணுக்கம் என்ற பெயரில் யாருக்கும் தெரியாத வேலையை மணிக்கணக்கில் செய்ய வைக்கும் பேனை அது.

பொருளும் கொழும்பின் ஈரமும்

தேவையானவை: 250 கிராம் எடைக்குக் குறையாத வழுவழுப்பான பிரிஸ்டல் தாள், 03, 05, 08 பேனைகள் (புள்ளி வேலைக்கு 03இல் குறைந்தது மூன்று வேண்டும், முனை தேய்ந்து போகும்), நீர்ப்புகா இந்தியன் இங்க் ஒரு குப்பி, 2ஆம், 6ஆம் எண் வட்டத் தூரிகைகள், வெள்ளை கூவாஷ் (ஒளிபுகா நீர்வண்ணம்) அல்லது வெள்ளை ஜெல் பேனை, எச்பி பென்சில், பிசைந்தெடுக்கும் அழிறப்பர், டிரேசிங் தாள். சாதாரணத் தாள், அடிமட்டம், டிரேசிங் தாள் எல்லாம் புறக்கோட்டை மலிபன் வீதி மொத்தக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். பிரிஸ்டலும் நல்ல பேனைகளும் ஓவியப் பொருள் விற்கும் கடைகளில். தாள் வாங்கும்போது ஓரத்தில் ஒரு கோடு போட்டுப் பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள். மை இழையோடிப் பரவினால் அந்தக் கட்டையே வேண்டாம்.

தாள் கடையிலிருந்தே ஈரத்தோடு வருவதும் உண்டு. கொழும்புக் காற்றில் ஈரப்பதம் வருடம் முழுவதும் அதிகம். ஒக்டோபர், நவம்பரில் வெள்ளவத்தைக் கடற்கரைப் பக்க வீட்டில் திறந்து வைத்த தாள் இரண்டு நாளில் தொய்ந்துவிடும். அதில் பேனை வைத்தால் கோட்டின் விளிம்பில் மயிர் முளைத்தது போல மை ஓடும். தாளைப் பொலித்தீன் உறையில், சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் நாலைந்தோடு, அட்டைக்கு நடுவே தட்டையாக வையுங்கள். சுருட்டி வைக்க வேண்டாம். வரையும்போது மின்விசிறி மேலிருந்து வீசட்டும், நேராக முகப்புக் காற்று பட்டால் பேனை முனை காய்ந்துவிடும்.

வியர்வை அடுத்த எதிரி. உள்ளங்கைக்கு அடியில் எப்போதும் ஒரு துண்டுத் தாள் இருக்க வேண்டும். கை எண்ணெய் பட்ட இடத்தில் மை பிடிக்காது. கறுப்பு நிரப்பிய பிறகு சாம்பல் திட்டாகத் தெரியும்போதுதான் அது புரியும். சின்ன விரலும் அதற்கடுத்ததும் மட்டும் மூடும்படி வெட்டிய பருத்திக் கையுறை இன்னும் நல்லது.

எதை வரைவது

மண்டையோடு, ஆடு, தலைகீழ்ச் சிலுவை என்று இணையத்தில் தேடியெடுத்த அதே உருவங்களைத் திரும்ப வரைந்தால் அதே ஆயிரம் கவரில் இன்னொன்று. ஊரில் கிடைக்கும் உருவங்கள் ஏராளம். கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் சடங்கு முகமூடிகள் இருக்கின்றன. பிதுங்கிய கண், பல், பாம்புப் படம் மூன்றும் சேரும் முறையைக் கோட்டுப்படமாக எடுத்து வாருங்கள். வுல்ஃபெண்டால் தேவாலயத்தில் (1757இல் கட்டி முடித்தது) டச்சுக் காலக் கல்லறைப் பலகைகளின் எழுத்துச் செதுக்கலும் கேடய அலங்காரமும் லோகோவுக்குக் கைகொடுக்கும். அனுமதி கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். ஆலமர விழுது, காகம், பழந்தின்னி வௌவாலின் சிறகு மடிப்பு இவற்றுக்குச் செலவே இல்லை. பொரளைக் கனத்தையில் கல்லறைச் சிலைகளைப் பார்க்கலாம். அங்கே அடக்கம் நடந்துகொண்டிருந்தால் கமராவைப் பையில் போட்டுவிட வேண்டும், அதில் விவாதமே கிடையாது.

பழைய ஓவியத்தை அப்படியே எடுத்தாள்வதும் இந்த மரபில் உண்டு. எம்பரரின் 1993 சிறு அல்பத்தில் இருப்பது குஸ்தாவ் டோரேயின் மரணக் குதிரை வீரன். செல்டிக் ஃப்ரோஸ்டின் ‘இன்டு த பாண்டமோனியம்’ (1987) கவரில் இருப்பது பொஷ்ஷின் நரகம். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி படைத்தவரின் ஆயுளும் அதற்குப் பின் 70 வருடமும் உரிமை உண்டு. ஓவியர்களான டோரே 1883இல், நோர்வேயின் கிட்டெல்சன் 1914இல் இறந்தவர்கள், அவர்களை எடுக்கலாம். 2005இல் இறந்த போலந்து ஓவியர் பெக்ஷின்ஸ்கியையும் 2014இல் இறந்த சுவிஸ் ஓவியர் கீகரையும் எடுக்க முடியாது. பெக்ஷின்ஸ்கியின் படத்தைக் கேட்காமல் போட்ட கவர்கள் நிறைய இருப்பது உங்களுக்கு அனுமதி ஆகாது.

பென்சிலிலிருந்து கறுப்புக்கு

முதலில் தீப்பெட்டி அளவில் ஆறு சின்னக் கட்டங்கள். ஒவ்வொன்றிலும் மார்க்கர் பேனையால் கறுப்பும் வெள்ளையும் மட்டும், கோடு கூடாது. உருவம் ஒரு மீற்றர் தூரத்திலிருந்து தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாத கட்டத்தை எத்தனை ஆயிரம் புள்ளி போட்டும் காப்பாற்ற முடியாது.

தேர்ந்த கட்டத்தைப் பெரிதாக்கிப் பென்சிலில் வரையும்போது ஒன்றை முடிவு செய்ய வேண்டும்: உருவத்தைச் சுற்றி என்ன நிறம்? இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு அறிவுரையை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் கறுப்பாக இருக்கட்டும்.

காரணம் ரீசேட்டில் இருக்கிறது. வெள்ளைத் தாளில், வெள்ளைப் பின்னணியில், கறுப்புக் கோட்டால் ஒரு பிணமுகம் வரைந்தீர்கள். அதைக் கறுப்புத் துணியில் போட அச்சகத்தில் கேட்டால் கணினியில் ‘இன்வர்ட்’ அழுத்திவிடுவார்கள். உடனே கண்குழி வெள்ளையாகும், நெற்றி கறுப்பாகும், வெளிச்சம் கீழிருந்து மேலே போகும். எக்ஸ்ரே என்று சொன்னது இதைத்தான். இன்வர்ட் செய்யக்கூடாது. துணியின் கறுப்பே உங்கள் மை. அச்சில் விழும் வெள்ளை மை உங்கள் தாளின் வெள்ளை. ஆகவே படத்தில் வெள்ளை எங்கே முடிகிறது என்பது தெளிவாக இருக்க வேண்டும். பின்னணி வெள்ளையாக இருந்தால் அது துணியின் நடுவே வெள்ளைச் சதுரமாக விழும். சுற்றிலும் கறுப்பு இருந்தால் உருவம் துணியிலிருந்து தானாக எழுந்து வரும். பக்கங்களில் கறுப்பு மெல்ல மெல்லப் புள்ளிகளாக உதிர்ந்து முடிகிற மாதிரி வரைந்தால், சட்டையில் சட்டகமே தெரியாது.

பென்சில் முடிந்ததும் பெரிய கறுப்புகளை 6ஆம் எண் தூரிகையால் நிரப்புங்கள். விளிம்பை 08 பேனையால் முதலில் கட்டிவிட்டு உள்ளே மை விடுங்கள். இரண்டு மெல்லிய பூச்சு, இடையே இரண்டு மணி நேரம். ஒரே தடவையில் தடிப்பாக ஊற்றினால் தாள் வளையும், மழைக்காலத்தில் மேற்பரப்பு அடுத்த நாளும் பிசுபிசுக்கும், அதன் மேல் வைத்த தாள் ஒட்டி உரிந்து வரும். பென்சிலை அழிப்பதற்கு 24 மணி நேரம் பொறுங்கள். உரசி அழித்தால் கறுப்பு சாம்பலாக மங்கும், பிசைந்தெடுக்கும் அழிறப்பரை அழுத்தி எடுப்பதே முறை. தூரிகையை அந்த நிமிடமே கழுவ வேண்டும். ஷெல்லாக் கலந்த மை வேரில் காய்ந்த தூரிகை குப்பைக்கு.

புள்ளி போடுதல்

புள்ளி வேலை பொறுமைச் சோதனை என்று எல்லோரும் சொல்வார்கள். பொறுமை இருந்தும் கெடுகிறது, ஏனென்றால் தவறு கையில் இல்லை, இடைவெளியில் இருக்கிறது.

பேனையை நிமிர்த்திப் பிடியுங்கள். சரித்துப் பிடித்தால் ஒவ்வொரு புள்ளிக்கும் வால் முளைத்து, தோல் வரைந்த இடத்தில் மீன் செதில் தெரியும். தொட்டு எடுங்கள், அழுத்தாதீர்கள். அழுத்தினால் முனை உள்ளே போய் 03 பேனை 05 ஆகிவிடும். கறுப்பு விளிம்பிலிருந்து தொடங்கி வெளிச்சத்தை நோக்கிப் போங்கள். இருட்டுப் பகுதியில் இரண்டு புள்ளிக்கு நடுவே குறைந்தது ஒரு புள்ளி அகலம் வெள்ளை விடுங்கள். அதைவிட நெருக்கமாக வேண்டும் என்று தோன்றினால் அந்த இடம் முழுக்கறுப்பாக வேண்டிய இடம். அரைகுறையாக நெருங்கிய புள்ளிகள் போட்டோகொப்பியில் ஒன்றோடொன்று ஒட்டி, நீங்கள் கேட்காத இடத்தில் கறுப்புத் திட்டு உண்டாக்கும்.

வரிசையாகப் போகாதீர்கள், கண் உடனே வரிசையைப் பிடித்துவிடும். சின்னச் சின்ன வட்டமாகச் சுற்றிச் சுற்றிப் போனால் வரிசை உடையும். அரை மணிக்கு ஒரு தடவை படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். புள்ளி எல்லா இடத்துக்கும் வேண்டாம்: சதைக்கும் புகைக்கும் புள்ளி, எலும்புக்கும் மரத்துக்கும் கோடு, துணிக்குக் குறுக்குக் கோடு. பொருளுக்குப் பொருள் முறை மாறினால்தான் சின்ன அளவிலும் எது எதுவென்று தெரியும்.

பாதி முடிந்ததும் பக்கத்துக் கொமினிகேஷன் கடைக்குக் கொண்டுபோய் 37 வீதத்துக்குச் சுருக்கி ஒரு போட்டோகொப்பி எடுங்கள். கசட்டில் எப்படி இருக்கும் என்பதை அந்தச் சின்னத் தாள் உண்மையாகச் சொல்லிவிடும். அடைபட்ட இடங்களைச் சிவப்புப் பேனையால் வட்டமிட்டு, மூலத்தில் அங்கே கூவாஷால் வெள்ளைக் கோடு திறந்துவிடுங்கள்.

லோகோ: தமிழில் எழுதினால்

ஆங்கில லோகோவுக்கு வழிகாட்ட ஆள் நிறைய உண்டு. எம்பரரின் லோகோவை வரைந்த பெல்ஜியக்காரர் கிறிஸ்டோஃப் ஷ்பைடெலின் வேலையைப் பார்த்தாலே பாதிப் பாடம் வந்துவிடும். வேரும் கிளையும் எழுத்துக்கு வெளியிலிருந்து ஒட்டியவை போல இருக்காது, எழுத்தின் தண்டிலிருந்தே முளைத்து வரும். பொது முறை இதுதான்: முதலில் எலும்புக்கூடு மாதிரி வெறும் எழுத்து, பிறகு தடிப்பு, பிறகு முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் இருபக்கச் சிறகாக நீட்டுதல், கடைசியில்தான் முள். டிரேசிங் தாளை நடுவே மடித்துப் பாதியை மறுபாதிக்குப் படியெடுத்தால் சமச்சீர் வரும்.

தமிழில் இந்த மடிப்பு வித்தை நேராகச் செல்லாது. ‘கூற்றுவன்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். ஐந்து எழுத்து, நடுவில் ‘று’. அதன் கீழ்வளைவு நேராகக் கீழே இறங்கி வாளாகலாம், சமச்சீரின் அச்சு அதுவே. இடப்பக்கம் ‘கூ’ பெரிய சுழியோடு கனமாக இருக்கிறது. வலப்பக்கம் ‘ன்’ மெலிந்து நிற்கிறது. ‘ன’வின் கடைசிக் காலைக் கீழே நீட்டி, வலமாக வளைத்து, ‘கூ’வின் சுழி அளவுக்குக் கொண்டுவந்தால் தராசு நேராகும். எழுத்து ஒத்திருக்கத் தேவையில்லை, எடை ஒத்தால் போதும்.

அடுத்தது புள்ளி. ‘ற்’ மேலும் ‘ன்’ மேலும் இருக்கும் புள்ளி முட்களுக்குள் தொலைந்தால் சொல் ‘கூறறுவன’ ஆகிவிடும். புள்ளியைக் கண்ணாகவோ, பிறையாகவோ, சொட்டாகவோ மாற்றுங்கள், ஆனால் சுற்றிலும் வெறுமை விட்டு வையுங்கள். அல்லது எல்லாப் புள்ளியையும் துணிந்து எடுத்துவிடுங்கள். ஓலைச்சுவடியில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று விட்டுவிட்டுத்தான் எழுதினார்கள். அந்தப் பழமைத் தோற்றம் இந்த இசைக்குப் பொருந்தும். ஒன்றை வைத்து ஒன்றை விடுவதுதான் எழுத்துப் பிழையாகத் தெரியும்.

‘ர’வின் அடிவால் முள்ளோடு கலந்தால் அது கால் ஆகிவிடும், ‘மரம்’ என்பது ‘மாம்’ ஆகும். அந்த வாலை மற்ற எல்லா முள்ளையும்விடத் தடிப்பாக வையுங்கள். ‘கொ’, ‘போ’ போன்ற எழுத்துகள் பெயரில் இருந்தால் அதிர்ஷ்டம். இடப்பக்கம் கொம்பு, வலப்பக்கம் கால், இரண்டும் தூண் போல இருபுறம் நிற்கும். ‘ட’வின் நேர்க்கோணம் அப்படியே கல்வெட்டு. வட்ட எழுத்துகளான ‘ஞ’, ‘ண’ ஆகியவற்றின் சுழியைப் பாம்பாக்கலாம். ‘ண’வின் மூன்று சுழியையும் எண்ண முடிகிறதா என்று மட்டும் பாருங்கள்.

வாசிக்கவே முடியாத லோகோதான் மெட்டல் லோகோ என்று சிலர் வாதிடுவார்கள். ஆங்கிலத்தில் அது ஓரளவு செல்லும், 26 வடிவத்தைக் கண் ஊகித்துக்கொள்ளும். தமிழில் ஊகிக்க இடம் குறைவு. சொல்லைத் தெரிந்த ஒருவர் மூன்று வினாடியில் கண்டுபிடிக்க வேண்டும், தெரியாதவர் திணறட்டும்.

லோகோவைப் படத்தின் மேல் வரையாதீர்கள். தனித்தாளில் 250 மி.மீ. அகலத்தில் வரையுங்கள். கசட் முன்பக்கத்தில் அது 55 மி.மீ. ஆகும், முதுகில் 12 மி.மீ. உயரத்துக்குள் நுழையாது. முதுகுக்கு முள் இல்லாத எளிய வடிவம் ஒன்றும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.

ஸ்கேன்

தட்டையான கண்ணாடி ஸ்கேனர்தான் வேண்டும். கட்டட வரைபடம் கொப்பி எடுக்கும் கடைகளில் உருளைக்குள் இழுக்கும் பெரிய இயந்திரம் இருக்கும். அதில் தடித்த தாள் மடங்கும், கூவாஷ் பூசிய இடம் உரியும். வீட்டில் ஏ4 ஸ்கேனர் மட்டும் இருந்தால் தாளைத் திருப்பாமல் நகர்த்தி, 4 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று வரும்படி இரண்டு தடவை எடுத்துக் கணினியில் பொருத்துங்கள். மூடி மூடாது, மேலே ஒரு தடித்த புத்தகத்தை வையுங்கள்.

1200 டிபிஐ, சாம்பல் முறையில் எடுங்கள். ‘கறுப்பு வெள்ளை’ முறையை ஸ்கேனரிடம் விட்டால் எந்தப் புள்ளி வாழ்வது, எது சாவது என்று அது தீர்மானிக்கும். அந்த முடிவு உங்களுடையதாக இருக்கட்டும். ஜிம்ப்பிலோ போட்டோஷொப்பிலோ ‘திரெஷோல்ட்’ (எந்தச் சாம்பல் கறுப்பாகும், எது வெள்ளையாகும் என்று பிரிக்கும் எண்) திறந்து 128இல் தொடங்குங்கள். எண் ஏறினால் கறுப்பு கொழுக்கும், இறங்கினால் மெலியும். வெளிச்சப் பக்கத்தின் கடைசிப் புள்ளிகள் மறையாத, இருட்டுப் பக்கத்தின் இடைவெளி மூடாத எண் ஒன்று இருக்கும். இரண்டும் ஒன்றாகக் கிடைக்காவிட்டால் படத்தை இரண்டாகப் பிரித்துத் தனித்தனி எண் கொடுங்கள். முடிந்ததை 1-பிட் (கறுப்பும் வெள்ளையும் மட்டும், சாம்பல் இல்லை) டிஃப் கோப்பாகச் சேமித்தால் 270 மி.மீ. சதுரம் சுருக்காமலே சுமார் 20 எம்பிதான் வரும். ஜேபெக்கில் சேமிக்கக்கூடாது. ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் சாம்பல் தூசு உண்டாகி, அச்சில் அது அழுக்காகத் தெரியும்.

அழுக்கே வேண்டும் என்றால் அதற்குத் தனி வழி: நல்ல ஸ்கேனை அச்செடுத்து, போட்டோகொப்பியில் எழுத்து முறையில் வைத்து 50 வீதம் சுருக்கி, பிறகு 200 வீதம் பெரிதாக்கி, மூன்று சுற்று. நான்காவது சுற்றில் முகம் போய்விடும்.

அட்டை அச்சு

கசட் கவர் நூறு பிரதிக்குக் குறைவானால் லேசர் டிஜிட்டல் அச்சு போதும், 200 முதல் 250 கிராம் தாள். மடிப்புக் கோட்டை அச்சகத்தில் அழுத்தி வாங்குங்கள். அழுத்தாமல் மடித்தால் டோனர் வெடித்து, முதுகின் ஓரம் முழுக்க வெள்ளைக் கீறல் தெரியும். முழுக்கறுப்புக் கவரில் இது நிச்சயம் நடக்கும். பளபளப்பு லேமினேற் வேண்டாம், மட் போதும். பளபளப்புக் கறுப்பில் கைரேகைதான் முதலில் தெரியும்.

கோட்டுப்படத்தையும் எழுத்தையும் கறுப்பு மை ஒன்றில் மட்டும் வையுங்கள். நாலு மையும் கலந்த கறுப்பில் சின்ன எழுத்து வைத்தால் ஒரு முடியளவு விலகினாலும் நிறநிழல் விழும். ஓஃப்செற்றில் பெரிய பின்னணிக் கறுப்பு வெளிறினால், அதற்கு மட்டும் நீலம் 60, மெஜெண்டா 40, மஞ்சள் 40, கறுப்பு 100 கேளுங்கள். வண்ண ஓவியம் அச்சுக்குப் போனால் இருட்டு நடுச்சாயலை 10 முதல் 15 வீதம் வெளிச்சமாக்கி அனுப்புங்கள். திரை தானே ஒளிர்கிறது, தாள் ஒளிராது.

ரீசேட்

அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டியது வெள்ளை மை விழ வேண்டிய இடமெல்லாம் கறுப்பாக இருக்கும் பிலிம். அதாவது பிலிமுக்கு மட்டும் படத்தைத் திருப்பிக் கொடுக்கிறீர்கள், துணியில் அது நேராகிவிடும். இதை வாயால் சொல்லாமல், கறுப்புச் சட்டையில் எப்படித் தெரிய வேண்டும் என்று ஒரு மாதிரிப் படமும் சேர்த்துக் கொடுங்கள். இல்லாவிட்டால் அவர்கள் நல்ல மனதோடு இன்னொரு தடவை திருப்பிவிடுவார்கள்.

டிரேசிங் தாளில் லேசர் பிரிண்ட் எடுத்துத் திரை சுடுவது (அச்சுத் திரையில் வெளிச்சம் காட்டிப் படத்தைப் பதிப்பது) மலிவு. டோனர் போதிய கறுப்பாக இல்லாததால் நுண்புள்ளிகள் பாதியில் மறையும். புள்ளி வேலைக்கு உண்மையான பிலிமுக்குக் காசு கொடுங்கள். திரையில் சென்ரிமீற்றருக்கு 55 முதல் 77 இழை. 77இல் புள்ளி கூர்மையாக நிற்கும், வெள்ளை கொஞ்சம் மெலியும். 43இல் வெள்ளை அடர்த்தியாக விழும், புள்ளிகள் ஒட்டிக்கொள்ளும். மழை நாளில் சுட்ட திரையில் எமல்ஷன் (வெளிச்சம் பட்டால் இறுகும் பூச்சு) முழுதாகக் காயாமல் கழுவும்போது உரிந்து, ஊசித்துளைகள் விடும். சட்டையில் நீங்கள் வரையாத நட்சத்திரங்கள் தெரிந்தால் காரணம் அதுதான்.

கறுப்புத் துணியில் வெள்ளை ஒரு தடவையில் நிற்காது. ஒரு அச்சு, சூட்டில் பாதி காயவிடுதல், மறுபடி அச்சு. பிளாஸ்டிசோல் மை என்றால் கடைசியில் மையின் ஆழம் வரை சுமார் 160 பாகை செல்சியஸ் ஏற வேண்டும். ஏறாததை இழுத்துப் பார்த்தால் வெடிக்கும், மூன்றாவது சலவையில் உதிரும். மொத்தத்தையும் அடிக்கும் முன் ஒரு சட்டை வாங்கி, இழுத்து, துவைத்துப் பாருங்கள்.

இங்கே வரையும்போது

போர் மெட்டல் வகையில் தோட்டா வளையமும் குறுக்குத் துவக்கும் சர்வதேச அலங்காரம். கொழும்பில் ஒரு தமிழ்க் கை வட்டமாகத் தோட்டா அடுக்கி, இரண்டு துவக்கு போட்டு, நடுவே உறுமும் மிருகமொன்றை வைத்தால் அது லோகோவாக வாசிக்கப்படாது. விடுதலைப் புலிகள் இயக்கம் தடைசெய்யப்பட்டது, அதன் சின்னத்தை நினைவூட்டும் சட்டை அதைப் போட்டவரைத்தான் முதலில் சிக்கலில் மாட்டும். தோட்டாவைத் தோள்பட்டியாகத் தொங்கவிடுங்கள், வளையமாக்காதீர்கள். படைச் சீருடைத் துணி வடிவத்தையும் விட்டுவிடுங்கள்.

மதம் இன்னொரு வரம்பு. 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க ஐசிசிபிஆர் (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கை) சட்டத்தில் மத வெறுப்பைத் தூண்டுவதைத் தடுக்கும் 3ஆம் பிரிவும், தண்டனைச் சட்டக்கோவையில் மத உணர்வைப் புண்படுத்துவது பற்றிய பிரிவுகளும் இருக்கின்றன. அச்சகத்தில் திரை சுடுபவருக்கும் ஒரு மதம் உண்டு, வேலையைப் பாதியில் திருப்பித் தர அவருக்கு உரிமை உண்டு. சுடலை, கூற்றுவன், பேய்மகளிர், பிணம் தின்னும் கழுகு என்று நம் இலக்கியத்திலேயே இருட்டு நிறைய இருக்கிறது. பரணி பாடியவர்கள் போர்க்களத்தில் பேய்கள் கூழ் சமைத்ததை வரிவரியாகப் பாடி வைத்திருக்கிறார்கள். பிறர் வழிபடும் உருவத்தை எடுத்துத்தான் பயமுறுத்த வேண்டும் என்பதில்லை.

குழுவோடு பேசி முடிக்க வேண்டியவை

நண்பர்களுக்கும் எழுத்தில் வையுங்கள், வட்ஸ்அப் செய்தியானாலும் சரி. எதற்கு அனுமதி என்று பிரித்து எழுதுங்கள்: இந்த வெளியீட்டின் கவர் ஒன்று, ரீசேட் வேறு, மறுவெளியீடு வேறு. மூலத்தாள் உங்களுடையது, கோப்பு அவர்களுடையது. பாதிப் பணம் பென்சிலுக்கு முன், மீதி 1-பிட் கோப்புக்கு முன். திருத்தம் பென்சில் நிலையில் இரண்டு தடவை, மை போட்ட பின் இல்லை. பணம் இல்லாத குழுவானால் 20 கசட்டும் 5 சட்டையும் என்று எண்ணிக்கையாகப் பேசுங்கள், ‘பிறகு பார்ப்போம்’ வேண்டாம். கணினி உருவாக்கிய படத்தை இந்த வட்டம் பெரும்பாலும் ஏற்காது. சந்தேகம் எழுந்தால் காட்ட, பென்சில், கறுப்பு நிரப்பல், பாதிப் புள்ளி என்று மூன்று நிலையில் தாளைப் படம் பிடித்து வையுங்கள்.

மூலத்தாளை அமிலமற்ற இரண்டு அட்டைக்கு நடுவே, சிலிக்கா ஜெல்லோடு, உறையில் இட்டு அலுமாரியின் மேல்தட்டில் படுக்க வையுங்கள். சுவரோடு சாய்த்து வைத்தால் ஈரம் அடியிலிருந்து ஏறும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை திறந்து, ஜெல் பொட்டலத்தை மாற்றி, ஓரங்களில் வெள்ளிப்பூச்சி அரித்திருக்கிறதா என்று பாருங்கள்.